"அய்யோ பாவம்" என்பது வைத்தியம் இல்லை

தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் ஒன்று உண்டு. "பாவம்". வைட்டிலாவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு மலையாளம் ஒரு அட்சரம் புரியாது. ஆனால் அக்கா ஊரிலிருந்து வரும்போதெல்லாம், லிஃப்டில், கடையில், கோயில் வாசலில் யாராவது ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். அது மட்டும் சட்டென்று புரிந்துவிடும்.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ. முப்பது வருஷம் காலில் காலிப்பர் மாட்டி நடந்தாள். கடைசிப் பத்து வருஷமாக வீல்சேர். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளிடம் படித்தவர்களில் இரண்டு பேர் இன்று டாக்டர்கள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் இங்கே வந்திருந்தபோது அவளுக்கு வயிற்று வலி. வலது பக்கம், விலாவுக்குக் கீழே. சாப்பிட்டால் அதிகமாகிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். இது ஒரு ஆஸ்பத்திரியின் கதை இல்லை.

உள்ளே போனதும் டாக்டர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷன். பிறகு என் பக்கம் திரும்பி, "சேச்சிக்கு எந்தாணு ப்ரஸ்னம்?" என்றார். நான் சொன்னேன். எத்தனை நாளாய் வலி என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். பசி எப்படி, தூக்கம் எப்படி, வெளிக்குப் போவது எப்படி... எல்லாவற்றுக்கும் நானே பதில். அக்காவின் வீல்சேர் என்னவோ அவருக்கு நேரே, இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

பரிசோதனைக் கட்டில் உயரமானது. ஏற இரண்டு படி. நர்ஸ் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "அய்யோ, பாவம், கஷ்டப்படுத்த வேண்டா" என்றார். டாக்டரும் சரி என்றார். கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்க்கவே இல்லை. "நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காங்க இல்லையா, இவங்களுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். கேஸ்" என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மொத்தம் ஆறு நிமிஷம்.

மூன்று வாரம் கழித்து ஊரில் நடுராத்திரி காய்ச்சலோடு அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், உள்ளே சீழ் பிடிக்கிற நிலை. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தாள். அங்கிருந்த டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முதல்ல பார்த்தவங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கலையா சார்?"

நடந்த கதை இவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அந்த டாக்டரும் நர்ஸும் கெட்டவர்கள் இல்லை. அக்காவை வெறுக்கவும் இல்லை. சொல்லப்போனால், கஷ்டப்படுத்தக்கூடாது என்ற இரக்கத்தில்தான் அவளைக் கட்டிலில் ஏற்றாமல் விட்டார்கள். அந்த இரக்கத்தினால்தான் அவளுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் கிடைக்காமல் போனது. இதைத்தான் தனக்கே தெரியாத மனச்சாய்வு என்கிறார்கள். வெறுப்பாக இருந்தால் சண்டை போடலாம். இது இரக்கத்தின் வேஷத்தில் வருவதால் நாமும் "ரொம்ப நல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறோம். நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன்.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டும்தானா? இல்லை. கம்ப்யூட்டர் திரையில் படங்களையும் சொற்களையும் காட்டி, எதை எதோடு எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறோம் என்று அளக்கும் ஒரு சோதனை உண்டு. 2006 முதல் 2016 வரை அதை எடுத்துக்கொண்டவர்களில் 25,006 பேர் மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்கள். இவர்களின் கணக்கை 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. நேரடியாகக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பாரபட்சம் கிடையாது என்றுதான் சொன்னார்கள். சோதனையிலோ 83.6 சதவீதம் பேரின் மனசு உடல் குறைபாடு இல்லாதவர்கள் பக்கமே சாய்ந்தது.

இந்தச் சோதனையை அப்படியே நம்பலாமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒருவருடைய மதிப்பெண்ணை வைத்து அவர் நாளைக்கு எப்படி நடந்துகொள்வார் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். நியாயமான வாதம். சரி, சோதனையை விடுங்கள். வாயாலேயே சொன்னதைப் பார்ப்போம். 2021-ல் அமெரிக்காவில் 714 டாக்டர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. அதிகக் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றவர்களைவிட மோசமானது என்று 82.4 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிப்பட்ட நோயாளிக்கு மற்றவர்களுக்குத் தருகிற அதே தரத்தில் சிகிச்சை தர முடியும் என்று முழு நம்பிக்கையோடு சொன்னவர்கள் 40.7 சதவீதம்தான்.

சரி, அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் அவசரச் சிகிச்சைப் பிரிவு ஊழியர்களிடம் கேட்டு 1994-ல் ஒரு ஆய்வு வந்தது. முதுகுத்தண்டில் பலமாக அடிபட்டு உடம்பு செயலிழந்துவிட்டால், உயிரோடு இருப்பதற்காக சந்தோஷப்படுவீர்களா என்பது கேள்வி. ஆம் என்றவர்கள் 18 சதவீதம். உண்மையிலேயே அப்படி அடிபட்டுப் பிழைத்தவர்களில் ஆம் என்றவர்கள் 92 சதவீதம்!

பதினெட்டு எங்கே, தொண்ணூற்றிரண்டு எங்கே? அவசரப் பிரிவில் அரை மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்கு எவ்வளவு தூரம் மெனக்கெடலாம் என்று முடிவு செய்கிறவர் அந்தப் பதினெட்டின் பக்கம் நிற்கிறார். கிடக்கிறவர் தொண்ணூற்றிரண்டின் பக்கம். என்னைக் கேட்டால், நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. குறைபாடு உள்ளவர்களில் சிலர் மற்றவர்களைவிட இருபது வருஷம் வரை முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணங்கள் பல. வறுமை, ஏற முடியாத படிக்கட்டு, போக முடியாத பஸ். ஆஸ்பத்திரிக்குள்ளே கிடைக்கும் அலட்சியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம ஊரில் இரக்கம் ஜாஸ்தி" என்பவர்களுக்கு இரண்டு சம்பவம்.

1994-ல் மகாராஷ்டிராவில் ஷிரூர் என்ற ஊரின் அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு புனேயில் கருப்பையை அகற்றினார்கள். நோய் எதுவும் இல்லை. மாதவிலக்கின்போது அவர்களால் சுத்தம் பேண முடியாது, பராமரிப்பவர்களுக்குக் கஷ்டம். இதுதான் காரணம். பெண்கள் அமைப்புகள் கிளம்பிப் போராடிய பிறகே நிறுத்தினார்கள்.

அடுத்தது 2009, சண்டிகர். அரசு இல்லத்தில் இருந்த, லேசான மனவளர்ச்சிக் குறைவுள்ள ஒரு பெண் அங்கேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புவதாக அவரே சொன்னார். ஆனாலும் கருவைக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம்தான் அதை நிறுத்தி, அவருடைய சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. அவருடைய நன்மைக்காக என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் என்ன சொல்கிறார் என்பதைக் காதில் வாங்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? டாக்டர்கள் படித்தவர்கள் ஆயிற்றே?

எனக்குத் தோன்றும் காரணம் இது. டாக்டர் அக்காவைப் பார்ப்பது அவள் வலியில் சுருண்டு கிடக்கிற அந்த ஆறு நிமிஷம் மட்டும். அவள் பத்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவதை அவர் பார்த்ததில்லை. சீட்டுப் பிடித்து ஊரில் பாதிப் பேரின் கணக்கை அவள் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. வீல்சேரும் வலியும் சேர்ந்தே கண்ணில் படுவதால், வீல்சேர்தான் வலி என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த முடிச்சை அவிழ்க்க நேரமும் இல்லை. பிறகு வயிற்று வலியானாலும் நெஞ்சு வலியானாலும் "இவங்களுக்கு இதெல்லாம் இருக்கும்".

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல வழி, குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் கட்டிலில் மட்டும் இல்லாமல், டாக்டர் நாற்காலியிலும் இருப்பது. இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். இதே கொச்சியில் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டரானவர். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அங்கிருந்த டாக்டர் பால் பிராண்ட் அவரை ஓரமாக உட்காரவைத்துப் பரிதாபப்படவில்லை. உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யலாமே என்றார். மேரி வர்கீஸ் வீல்சேரில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டு வேலூருக்குப் போன எத்தனையோ தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும், "இனி என்ன வாழ்க்கை" என்று கேட்காத ஒரு டாக்டர் கிடைத்தார். அவரே வீல்சேரில் இருந்தாரே!

எங்கள் ஊர்ப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் கலந்துகொண்டபோது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தபோது அவர் வைத்த பெயரில் இருக்கும் 'அமர்', அவருக்கு சிகிச்சை தந்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நோயாளி ஒருவர் தன் வாழ்நாள் வேலைக்கே டாக்டரின் பெயரை வைக்கிறார் என்றால், ஒரு டாக்டரின் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மேரி வர்கீஸ் போன்றவர்களை மருத்துவக் கல்லூரிக்குள் விடவே நம் விதிகள் தயங்கின. எம்.பி.பி.எஸ். சேர "இரண்டு கைகளும் முழுமையாக" இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில்தான் தூக்கியெறிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 அக்டோபரில், குறைபாடு எத்தனை சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு மாணவரைத் தள்ளிவிடக்கூடாது, அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்றது. பாடத்திட்டத்திலும் இதே இழுபறி. குறைபாடு உள்ளவர்களின் உரிமைகள் பற்றிய பயிற்சி 2019-ல் எம்.பி.பி.எஸ். தொடக்க வகுப்புகளில் சேர்ந்தது. சதேந்திர சிங் போன்ற, தாங்களே குறைபாடு உள்ள டாக்டர்கள் போராடி வாங்கியது அது. 2024 ஆகஸ்டில் வந்த புதிய வழிகாட்டுதலில் அது காணாமல் போனது. பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழ, அந்த வழிகாட்டுதலையே சில நாளில் திரும்பப் பெற்றார்கள். டாக்டர்களுக்குச் சொல்லித்தர ஒதுக்கிய சில மணி நேரத்துக்கே இந்தப் பாடு :-(

இதுவரைக்கும் டாக்டர்களைத் திட்டியாயிற்று. இனி நம்ம பக்கம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு கேட்டாள். "ஏலே, வயிறு என்னுது. வாய் மட்டும் எப்பம்ல உன்னுதாச்சு?"

"இல்லக்கா, மலையாளத்துல கேட்டாரு, அதான்..." என்று இழுத்தேன்.

"எனக்கு வலி வயித்துலயா நெஞ்சுலயான்னு கை வச்சுக் காட்ட மலையாளம் எதுக்கு? அவரு உன்னைப் பார்த்துக் கேட்டாரு. நீயாவது என்னைப் பார்த்திருக்கலாம்லா."

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பியது அவர் தப்பு என்றால், திரும்பிய முகத்தைப் பிடித்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தது என் தப்பு. சாப்பிட்டால் வலி அதிகமாகிறது என்பதை நான் சொல்ல மறந்தேன். அவளைக் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள்.

வெளியூரில் வாழ்கிற நம் வீடுகளில் இது இன்னும் அதிகம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, காது கேளாத தம்பி வந்தாலும் சரி, மொழி தெரியாது என்று நாமே வக்கீலாகிவிடுகிறோம். மொழி தெரியாதவரையும் புத்தி தெரியாதவரையும் ஆஸ்பத்திரி ஒரே மாதிரி நடத்துகிறது. குறைபாடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மொழிபெயர்ப்பது வேறு, அவருக்குப் பதிலாகப் பேசுவது வேறு. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு பித்தப்பை போக வேண்டியிருந்தது.

இன்னொன்று. தமிழில் "பாவம்" என்றால் இரக்கம் மட்டும் இல்லை. போன ஜென்மத்துக் கணக்கும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2010-லேயே "மாற்றுத்திறனாளி" என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. ஆனால் அக்கா சொல்கிற மாதிரி, பெயர் மாறிய பிறகும் பார்வை மாறாமல் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் நாளைக்கு டாக்டராகவும் நர்ஸாகவும் ஆகப் போகிறார்கள். அவர்கள் இந்தச் சாய்வை மருத்துவக் கல்லூரியில் கற்பதற்கு முன்னாலேயே நம் கூடத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

வைட்டிலா ஹப்பிலிருந்து காக்கநாட்டுக்குப் போகும் வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மிதக்கும் மேடையும் கூடவே ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அக்கா வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு ஏறினாள். யாரும் "பாவம்" சொல்லவில்லை. யாரும் தூக்கவும் இல்லை. வீல்சேரில் ஒருவர் வருவார் என்று முன்னாலேயே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு படகுத்துறையில் முடிவது, ஒரு பரிசோதனைக் கட்டிலில் முடியாதா? ஏற்றி இறக்கும்படியான கட்டில் ஒன்றும் ராக்கெட் இல்லையே.

இந்த வருஷம் அக்கா வந்தபோது இன்னொரு டாக்டரிடம் போனோம். வாசலிலேயே சொல்லிவிட்டாள், "நீ வெளியிலே இருலே, தேவைன்னா கூப்பிடுதேன்" என்று. இருபது நிமிஷம் ஆயிற்று. பாதி மலையாளம், பாதி தென்காசித் தமிழ், நடுவே டாக்டரின் சிரிப்புச் சத்தம். என்னைக் கடைசி வரை கூப்பிடவே இல்லை.

பி.கு.: ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குச் சில தகவல்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் வாங்கிய குறைபாட்டுச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். இந்தச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு (1995 சட்டத்தில் ஏழுதான்), அதனால் பழைய கணக்கில் "உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லப்பட்டவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள். பிரிவு 25, அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆனாலும் தடையில்லாமல் நடமாடும் வசதி வேண்டும் என்கிறது, சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. பிரிவு 10, சம்மதம் இல்லாமல் யாருக்கும் மலடாக்கும் சிகிச்சை கூடாது என்கிறது. மீறினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. இதெல்லாம் சட்டம் தருவது. டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும், "அவங்களையே கேளுங்க டாக்டர்" என்று சொல்வதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.